மதுரையின் பத்துத் தொகுதிகளும் மூன்று எம்.பி.க்களும்

2021 சட்டமன்றத் தேர்தலில் மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் சரிபாதியாகப் பிரிந்தன. மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, சோழவந்தான் ஆகிய ஐந்தும் தி.மு.க. கூட்டணிக்குப் போயின, மேலூர், மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய ஐந்தும் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தன. மாநிலம் முழுவதும் 159க்கு 75 என்று ஒரு பக்கம் சாய்ந்திருந்த அந்தத் தேர்தலில், எங்கள் மாவட்டம் மட்டும் தராசு முள்ளை நடுவில் நிறுத்தியிருந்தது. மூன்றே ஆண்டுகளில், 2024 மக்களவைத் தேர்தலில், இந்தப் பத்துத் தொகுதிகளும் அடங்கிய மூன்று மக்களவைத் தொகுதிகளும் ஒரே அணிக்குப் போய்விட்டன. அந்த மூன்றில் வென்றவர்கள் ஒரே கட்சிக்காரர்களும் அல்லர்: மதுரையில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், விருதுநகரில் காங்கிரஸ், தேனியில் தி.மு.க.

இந்த இரண்டு முடிவுகளில் எது மதுரைக்காரர்களின் உண்மையான மனநிலை என்று கேட்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். கேள்வியே சரியில்லை என்பது என் எண்ணம். சென்னைக் கோட்டையில் யார் அமர்வது, டெல்லிக்கு யார் போவது என்ற முடிவில் பெரும்பங்கைக் கட்சிகளின் தொகுதிப் பங்கீட்டுக் குழுக்கள் வாக்குப்பதிவுக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிடுகின்றன. எஞ்சியிருக்கும் பங்கை வைத்து வாக்காளர் செய்யும் வேலை நாம் நினைப்பதைவிட நுட்பமானது. ஆனால் இடங்களின் எண்ணிக்கையில் அது தெரிவதில்லை. 2024 மக்களவைத் தேர்தல் வரையிலான கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் எல்லைகளைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் உள்ளூர்க்காரர்களே பலர் இதில் குழம்புகிறார்கள். மதுரை மக்களவைத் தொகுதியில் மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் மட்டுமே உள்ளன. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவை. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியைச் சேர்ந்தவை. 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறையின் விளைவு இது. அதே மறுவரையறையில்தான் சமயநல்லூர், சேடப்பட்டி என்ற இரண்டு தொகுதிகள் மறைந்து, மதுரை வடக்கும் தெற்கும் பிறந்தன. ஊரகத்தின் இரண்டு இடங்கள் நகரத்துக்கு வந்தன என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு சட்டப்பேரவைத் தலைவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு மாநிலம் முழுவதும் அறியப்பட்டிருந்த சேடப்பட்டி இன்று தொகுதிப் பட்டியலிலேயே இல்லை. உசிலம்பட்டியில் இருக்கும் என் தாய்மாமன், கால்வாய்த் தண்ணீருக்காக வைகை அணையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தேனிக்காரர் எம்.பி.யாக இருப்பதுதான் பொருத்தம் என்று பாதி வேடிக்கையாகவும் பாதி நிஜமாகவும் சொல்வார். திருமங்கலத்து உறவினர்கள் அப்படிச் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு மருத்துவமனையும் கல்லூரியும் மாவட்ட ஆட்சியரும் மதுரையில், எம்.பி. மட்டும் விருதுநகரில்.

இனி மதுரை மக்களவைத் தொகுதியின் வரலாற்றைப் பார்க்கலாம். கூட்டணி என்பது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் வேறு தொகுதியில் கிடைக்குமா என்பது ஐயமே. 1967இல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்த நாளிலிருந்து 2024 வரை மாநில ஆட்சி இரண்டு திராவிடக் கட்சிகளின் கையில்தான் இருந்திருக்கிறது. ஆனால் மதுரையிலிருந்து தி.மு.க. மக்களவைக்குப் போனது ஒரே ஒரு முறை, 2009இல் மு.க. அழகிரி வென்றபோது. அ.தி.மு.க. போனதும் ஒரே ஒரு முறை, 2014இல் ஆர். கோபாலகிருஷ்ணன் வென்றபோது. மற்ற எல்லாத் தேர்தல்களிலும் இந்தத் தொகுதி கூட்டாளிகளுக்குத்தான் போயிருக்கிறது. 1967இல் மார்க்சிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி வென்றார். அதன் பிறகு நீண்ட காலம் காங்கிரஸ். 1996இல் காங்கிரஸிலிருந்து பிரிந்த தமிழ் மாநில காங்கிரஸ், 1998இல் அ.தி.மு.க. அணியில் நின்ற ஜனதா கட்சியின் சுப்பிரமணியன் சுவாமி, பிறகு மீண்டும் மார்க்சிஸ்ட்.

இதில் பி. மோகனின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1999இல் அவர் அ.தி.மு.க. கூட்டணியின் வேட்பாளராக நின்று தி.மு.க.வை எதிர்த்து வென்றார். 2004இல் தி.மு.க. கூட்டணியின் வேட்பாளராக நின்று அ.தி.மு.க.வை எதிர்த்து வென்றார். ஆள் அவரேதான், கட்சி அதுவேதான், அரிவாள் சுத்தியல் நட்சத்திரச் சின்னத்திலும் மாற்றமில்லை. அவருக்காகத் தெருத்தெருவாகச் சென்று வாக்குக் கேட்ட கரைவேட்டிகள் மட்டும் மாறியிருந்தன. எளிமையான மனிதர் என்ற நல்ல பெயர் அவருக்கு எல்லாக் கட்சிகளிலும் இருந்தது உண்மை. என்றாலும் 1999இல் தி.மு.க.வுக்கும் 2004இல் அ.தி.மு.க.வுக்கும் வாக்களித்தவர்கள் அவரை வெறுத்ததால் அப்படிச் செய்யவில்லை. தங்கள் தலைமை கைகாட்டிய பக்கம் நின்றார்கள், அவ்வளவுதான்.

1998இல் வென்ற சுவாமியின் காலம் ஒரே ஆண்டில் முடிந்துவிட்டாலும், அந்த ஓராண்டில் நடந்ததை நாடே பார்த்தது. மாநிலத்தில் தி.மு.க. ஆண்டுகொண்டிருந்தது, டெல்லியில் வாஜ்பாய் அரசு அ.தி.மு.க.வின் 18 எம்.பி.க்களைத் தூணாக வைத்து நின்றுகொண்டிருந்தது. ஜெயலலிதாவும் சோனியா காந்தியும் கலந்துகொண்ட பிரசித்தி பெற்ற அந்தத் தேநீர் விருந்தை 1999 மார்ச்சில் டெல்லியில் நடத்தியவர் எங்கள் ஊர் எம்.பி.தான். ஏப்ரல் 17 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 269க்கு 270 என்ற கணக்கில், ஒரே வாக்கில், அரசு கவிழ்ந்தது. சட்டமன்றத்தில் ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கிப்போயிருந்த ஒரு கட்சி மத்திய அரசையே கவிழ்க்க முடிந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. கோட்டையின் கட்டுப்பாடும் 39 இடங்களின் கட்டுப்பாடும் வெவ்வேறு கைகளில் இருக்கும்போது என்னவெல்லாம் நடக்கலாம் என்பதற்கு அந்த ஓராண்டு போதுமான சான்று.

வாக்குகளும் இடங்களும் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன என்பதற்கு விடை எளிது: ஒரு தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் வென்றவர், இரண்டாவது வந்தவரின் வாக்குகளுக்கு எந்த மதிப்பும் இல்லை. எளிதான இந்த விதி தமிழ்நாட்டில் எவ்வளவு கொடூரமாக வேலை செய்திருக்கிறது என்பதை எண்களோடு பார்த்தால்தான் புரியும். 1967இல் காங்கிரஸ் 41.1% வாக்குகளைப் பெற்றது, தி.மு.க. 40.7%. இடங்களோ காங்கிரஸுக்கு 51, தி.மு.க.வுக்கு 137. காங்கிரஸ் ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் தனியாக நின்றது, தி.மு.க. 174 இடங்களில் மட்டும் நின்று, மற்ற இடங்களைச் சுதந்திரா கட்சியிலிருந்து மார்க்சிஸ்டுகள் வரை பகிர்ந்துகொடுத்தது. கொள்கையில் எதிரெதிர்த் துருவங்களான அந்த இரண்டு கட்சிகளையும் ஒரே பந்தலில் உட்காரவைத்த அண்ணாவின் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த விலை, இருபது ஆண்டுக் காங்கிரஸ் ஆட்சியின் முடிவு. அந்தத் தேர்தலை மக்கள் எழுச்சி என்று மட்டுமே எழுதுகிறவர்கள் இந்த வாக்கு விழுக்காட்டைத் தவிர்த்துவிடுவது வழக்கம். எழுச்சி இருந்தது, நான் மறுக்கவில்லை. பங்கீடு இல்லாமல் எழுச்சி மட்டும் இருந்திருந்தால் ஆட்சி மாறியிருக்குமா என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பிறகு இது வாடிக்கையாகிவிட்டது. 1991இல் தி.மு.க. 22%க்கு மேல் வாக்கு வாங்கி, சட்டமன்றத்தில் பெற்றது இரண்டு இடங்கள். 1996இல் அ.தி.மு.க. 21%க்கு மேல் வாங்கிப் பெற்றது நான்கு இடங்கள்; ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு ஏறத்தாழ 30% வாக்கு, ஓர் இடமும் இல்லை. 2014இல் அதே கதி தி.மு.க.வுக்கு, அந்த முறை அ.தி.மு.க. தனித்து நின்று 37 இடங்களை வாரிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் தோற்ற கட்சிக்கு இரங்கற்பா எழுதப்பட்டது. ஒவ்வொரு முறையும் அந்தக் கட்சி அடுத்தோ அதற்கடுத்தோ வந்த சட்டமன்றத் தேர்தலில் எழுந்து வந்தது. இரண்டு இடங்கள் வாங்கிய கட்சிக்கும் ஐந்தில் ஒருவர் வாக்களித்திருக்கிறார் என்ற நினைவு இருந்திருந்தால், அந்த இரங்கற்பாக்களுக்குச் செலவான காகிதமாவது மிஞ்சியிருக்கும்.

மக்களவைக்கு ஒரு மாதிரியும் சட்டமன்றத்துக்கு வேறு மாதிரியும் வாக்களிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அதையும் கட்சிகளே கற்றுக்கொடுத்தன என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1971இல் இரண்டு தேர்தல்களும் ஒன்றாக நடந்தபோது, இந்திரா காங்கிரஸ் சில மக்களவைத் தொகுதிகளை மட்டும் வாங்கிக்கொண்டு சட்டமன்றத்தில் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. டெல்லி உங்களுக்கு, கோட்டை எங்களுக்கு என்ற உடன்பாடு அது. ஆனால் 1980இல் வாக்காளர்கள் அதைத் தாங்களாகவே செய்து காட்டினார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க. – காங்கிரஸ் கூட்டணி 37 இடங்களை வென்றது. ஆளுங்கட்சியாக இருந்த அ.தி.மு.க.வுக்குக் கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டுமே மிஞ்சின. மக்களின் நம்பிக்கையை எம்.ஜி.ஆர். இழந்துவிட்டார் என்று முடிவுகட்டி, பிப்ரவரியில் அவருடைய அரசு கலைக்கப்பட்டது. மே மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே வாக்காளர்கள் அ.தி.மு.க.வுக்கு 129 இடங்களைக் கொடுத்து அவரைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். அந்தத் தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்று வென்ற தொகுதி மதுரை மேற்கு. அந்த வெற்றியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எங்கள் பகுதிப் பெரியவர்கள் எளிதில் நிறுத்துவதில்லை.

ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் இத்தனை லட்சம் பேர் மனம் மாறிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. டெல்லிக்கு இந்திரா, கோட்டைக்கு எம்.ஜி.ஆர். என்று தொடக்கத்திலிருந்தே தெளிவாக இருந்தவர்கள் அவர்களில் கணிசமானவர்களாக இருந்திருக்க வேண்டும். மக்களவை முடிவை வைத்து மாநில அரசைக் கலைத்தவர்கள்தான் கணக்கைத் தவறாகப் படித்தார்கள். 1989இலும் இதே நாடகம் வேறு பாத்திரங்களோடு நடந்தது: ஜனவரியில் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து நின்றதால் தி.மு.க. 150 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. மார்ச்சில் ஒன்றாகிவிட்ட அ.தி.மு.க. இரட்டை இலைச் சின்னத்தோடு மதுரை கிழக்கிலும் மருங்காபுரியிலும் நின்று வென்றது; நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. – காங்கிரஸ் கூட்டணி 38 இடங்களைப் பிடிக்க, கோட்டையில் இருந்த தி.மு.க.வுக்கு மக்களவையில் ஓர் இடமும் இல்லாமல் போயிற்று.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 2019 ஏப்ரல் 18. மதுரையில் அன்று சித்திரைத் திருவிழாத் தேரோட்டம். மாசி வீதிகளில் கூட்டம் நிறைந்திருக்கும் என்பதால் வாக்குப்பதிவு நேரத்தை இரவு எட்டு மணி வரை நீட்டித்திருந்தார்கள். அதே நாளில் தேனி மக்களவைத் தொகுதியில், ஆண்டிபட்டி, பெரியகுளம் ஆகிய இரண்டு சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. மாநிலம் முழுவதும் தி.மு.க. கூட்டணி 38 இடங்களை அள்ளிய அந்தத் தேர்தலில், அ.தி.மு.க. வென்ற ஒரே மக்களவைத் தொகுதி தேனி. ஆனால் அந்தத் தேனிக்குள் இருக்கும் ஆண்டிபட்டியிலும் பெரியகுளத்திலும் சட்டமன்றத்துக்கு வென்றது தி.மு.க. ஆண்டிபட்டியில் எதிரெதிரே நின்றவர்கள் உடன்பிறந்த சகோதரர்கள் என்பது தனிச் சுவை.

அந்த இடைத்தேர்தல்களுக்குப் பின்னால் இருந்த காரணம் கட்சித் தாவல் தடைச் சட்டம். 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, 2017 செப்டம்பரில் 18 அ.தி.மு.க. உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வேறு சில காலியிடங்களும் சேர்ந்து 22 தொகுதிகளில் தேர்தல் நடந்தது. தி.மு.க. 13 இடங்களில் வென்றது, அ.தி.மு.க.வுக்கு ஒன்பது கிடைத்தன, ஆட்சி நீடிக்க அந்த ஒன்பது போதுமானதாக இருந்தது. மக்களவையில் துடைத்தெறியப்பட்ட ஒரு கட்சி, அந்த இடைத்தேர்தல்களின் வாக்குகளைக் கொண்டே கோட்டையையும் காப்பாற்றிக்கொண்டது. எடப்பாடி பழனிசாமி அரசு 2021 வரை முழுமையாக நீடித்ததற்கு அந்த ஒன்பது தொகுதிகளின் வாக்காளர்கள்தான் காரணம். தொலைக்காட்சி விவாதங்களில் 38 என்ற எண் எழுப்பிய சத்தத்தில் இந்த ஒன்பது யார் காதிலும் விழவில்லை.

இந்தக் காலத்தில் அதிகம் அல்லாடியது திருப்பரங்குன்றம். 2016 மே மாதம் வென்ற அ.தி.மு.க.வின் சீனிவேல் பதவியேற்பதற்கு முன்பே இறந்துபோனார். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் வென்ற ஏ.கே. போஸ் 2018 ஆகஸ்டில் மறைந்தார். வேட்புமனுப் படிவத்தில் ஜெயலலிதாவின் கைரேகை இருந்தது தொடர்பான வழக்கில், போஸ் மறைந்த பிறகு, அவருடைய வெற்றி செல்லாது என்று 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 மே மாதம் மீண்டும் இடைத்தேர்தல் வந்து தி.மு.க.வின் மருத்துவர் பா. சரவணன் வென்றார். 2021 பொதுத்தேர்தலில் அ.தி.மு.க.வின் ராஜன் செல்லப்பா. ஐந்தாண்டுகளுக்குள் நான்கு முறை சட்டமன்றத் தேர்தலைப் பார்த்த தொகுதி அது. சரவணன் 2021இல் மதுரை வடக்கில் தாமரைச் சின்னத்திலும், 2024இல் மதுரை மக்களவைத் தொகுதியில் இரட்டை இலைச் சின்னத்திலும் நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கட்சித் தாவல் தடைச் சட்டம் பதவியில் இருப்பவரைத்தான் தடுக்கும், வேட்பாளரைத் தடுக்காது.

கோட்டையில் உள்ள எண்ணிக்கை இன்னொரு வழியாகவும் டெல்லிக்குப் போகிறது, அது மாநிலங்களவை. தமிழ்நாட்டுக்கு உள்ள 18 இடங்களில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆறு இடங்கள் காலியாகும். ஒரு வேட்பாளர் வெல்ல 34 சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கு வேண்டும். கூட்டணிப் பேச்சில் சட்டமன்றச் சீட்டைக் குறைத்துக்கொண்டால் மாநிலங்களவைச் சீட்டு ஒன்று தருகிறோம் என்ற பேரம் அடிபடுவது இதனால்தான். வாக்காளருக்கு இந்தப் பேரத்தில் எந்த இடமும் இல்லை.

இதுவரை நான் எழுதியதைப் படிப்பவர்கள், கூட்டணிக் கணக்கைச் சரியாகப் போட்டால் போதும், வெற்றி தானாக வந்துவிடும் என்று நான் சொல்வதாக எண்ணக்கூடும். அப்படி இல்லை என்பதற்கும் மதுரைப் பகுதியிலேயே சான்று இருக்கிறது. 2024இல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் பிரிந்து நின்றன, அ.தி.மு.க. 20%க்குச் சற்று மேலும், பா.ஜ.க. 11%க்குச் சற்று மேலும் வாக்குகளைப் பெற்று, இரண்டுமே வெறுங்கையோடு திரும்பின. இரண்டும் சேர்ந்திருந்தால் பல இடங்கள் கைமாறியிருக்கும் என்று அன்றிரவே கூட்டல் போட ஆரம்பித்துவிட்டார்கள். நம் மூன்று தொகுதிகளிலும் அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தேன். மதுரையில் சு. வெங்கடேசன் பெற்றது ஏறத்தாழ 4.3 லட்சம் வாக்குகள். இரண்டாவது வந்த பா.ஜ.க.வின் ராம சீனிவாசன் ஏறத்தாழ 2.2 லட்சம், மூன்றாவது வந்த சரவணன் இரண்டு லட்சத்துச் சொச்சம். இருவரையும் சேர்த்தாலும் வெங்கடேசனைத் தொடவில்லை. தேனியில் தி.மு.க.வின் தங்க தமிழ்ச்செல்வனுக்கும் பா.ஜ.க. அணியில் நின்ற டி.டி.வி. தினகரனுக்கும் இடையில் இருந்த இடைவெளி, அ.தி.மு.க. வேட்பாளரின் வாக்குகளைச் சேர்த்தாலும் நிரம்பாத அளவுக்குப் பெரியது. விருதுநகரில் மட்டும் கதை வேறு: அங்கே காங்கிரஸின் மாணிக்கம் தாகூர், அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரனை 4,379 வாக்குகளில்தான் முந்தினார். மூன்றாவது வந்த பா.ஜ.க.வின் ராதிகாவுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் விழுந்திருந்தது.

ஆக மூன்றில் ஒன்று, அதுவும் காகிதத்தில். இரண்டு கட்சிகளின் வாக்காளர்களும் அப்படியே மூட்டையாக இடம்பெயர்வார்கள் என்று கொண்டால்தான் அந்த ஒன்றும் கிடைக்கும். 2019இல் அ.தி.மு.க., பா.ஜ.க., பா.ம.க., தே.மு.தி.க. எல்லாம் ஒரே அணியில்தான் இருந்தன; கிடைத்தது தேனி மட்டும். பங்கீடு ஒரு வெற்றியைப் பெரிதாக்கும், தோல்வியைப் படுதோல்வியாக்கும். காற்று எந்தப் பக்கம் என்பதை அதனால் மாற்ற முடிவதில்லை. 2006இல் கிடைத்த முடிவு இதற்கு இடைப்பட்டது: 26% வாக்குகளோடு 96 இடங்கள் வாங்கிய தி.மு.க., காங்கிரஸின் 34 பேர் வெளியிலிருந்து தந்த ஆதரவோடு ஐந்தாண்டும் ஆண்டது. 32% வாங்கிய அ.தி.மு.க. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து அதை மைனாரிட்டி அரசு என்று ஐந்தாண்டும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆட்சியில்தான், 2009 ஜனவரியில், திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்தது. வாக்குக்குப் பணம் கொடுத்து ஆளுங்கட்சி வென்றதாகச் சொல்லி எதிர்க்கட்சிகள் வைத்த ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற பெயர் இன்று வரை ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னால் திருமங்கலத்துக்காரர்கள் கோபப்படுவார்கள், கோபம் நியாயமானதுதான். கொடுக்கல் வாங்கல் என்பது ஒரு ஊரின் கண்டுபிடிப்பு அல்லவே.

எல்லைக் கோடுகளை யார் போடுகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்கு அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவையில் 38 இடங்கள் உண்டு, நம்முடைய 39க்கு ஒன்று குறைவு. அந்த 38 தொகுதிகளின் எல்லையை வரைவது அந்த மாநிலத்தின் சட்டமன்றமே. அதாவது மாநிலச் சட்டமன்றத்தைப் பிடித்த கட்சி, தேசிய நாடாளுமன்றத்துக்கான தொகுதிகளைத் தனக்கு வசதியாக வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். 2003இலும் 2025இலும் குடியரசுக் கட்சியினர் பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் இடையிலேயே அதைச் செய்தார்கள். பேரவையில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) இல்லாமல் செய்ய ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலத்தை விட்டே வெளியேறினார்கள். நம் கட்சிகளுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது பெரிய ஆறுதல். இங்கே தொகுதி மறுவரையறை ஆணையம் தனி அமைப்பு, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் அதில் இணை உறுப்பினர்களாக உட்காரலாம், வாக்களிக்க முடியாது. டெக்சாஸில் கோடு போட்டுச் சாதிப்பதை நம் கட்சிகள் பங்கீட்டில் சாதித்துக்கொள்கின்றன என்று ஒருவர் வாதிட்டால் எனக்கு மறுப்பதற்கு அதிகம் இல்லை.

நமக்குள்ள கவலை எல்லைக் கோடுகளைப் பற்றியது அல்ல, எண்ணிக்கையைப் பற்றியது. 1962இல் தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 41 இடங்கள் இருந்தன. 1967இல் அது 39 ஆனது. அதே சமயத்தில் சட்டமன்றம் 206இலிருந்து 234 ஆக வளர்ந்தது. 2021 ஆகஸ்டில், தென்காசி மக்களவைத் தொகுதி தொடர்ந்து தனித்தொகுதியாக இருப்பதை எதிர்த்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த இரண்டு இடங்களைப் பற்றிக் கடுமையாகக் கேட்டது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குத் தண்டனையா என்று கேட்ட நீதிபதிகள் என். கிருபாகரன், பி. புகழேந்தி அமர்வு, ஓர் எம்.பி.யின் மதிப்பு ஐந்தாண்டுக்கு 200 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டு, 14 தேர்தல்களில் இழந்த 28 பேருக்கு 5,600 கோடி ரூபாய் இழப்பீடாக ஏன் தரக்கூடாது என்று கணக்கிட்டது. 1999இல் ஒற்றை வாக்கில் ஓர் அரசு கவிழ்ந்ததையும் அந்த உத்தரவு நினைவுபடுத்தியது. எம்.பி.க்கு ரூபாயில் விலை வைத்தது சிலருக்கு நெருடலாக இருந்தது, எனக்கு இல்லை. இழந்தது எவ்வளவு என்பதைச் சொல்ல வேறு எந்த அளவுகோலும் டெல்லியில் புரியாது.

1976இல் 42ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை உறையவைத்தது; 84ஆவது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. எத்தனை இடம் என்ற பெரிய சண்டையில் தமிழ்நாட்டின் எல்லாக் கட்சிகளும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகின்றன, பேசட்டும். உள் எல்லைகள் மறுபடி வரையப்படும்போது எந்தச் சட்டமன்றத் தொகுதி எந்த மக்களவைத் தொகுதியோடு சேர்கிறது என்பதை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்பதுதான் என் அச்சம். 2008இல் அப்படித்தான் நடந்தது. பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஆணையம் வரும். வரைவு முன்மொழிவு செய்தித்தாளிலும் அரசிதழிலும் வெளியாகும். மனுக் கொடுக்க நாள் குறிப்பார்கள். மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளை மூன்று எம்.பி.க்களுக்கு இடையில் பிரிப்பதா, இரண்டுக்குள் அடக்குவதா, சமயநல்லூரையும் சேடப்பட்டியையும் போல வேறு எவை மறையப்போகின்றன என்று கேட்டு அப்போது மனுக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். திருமங்கலத்து உறவினர்களிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.